பாசிப் பெருக்கத்தோடு வாழும் பாக்டீரியாக்களைச் சேகரித்து அடையாளம் காண்பது: இராமநாதபுரம் கடலுக்கான முழுமையான வழிகாட்டி

மார்ச், ஏப்ரலில் காற்று ஓய்ந்து கடல் அசையாமல் கிடக்கும் நாட்களில் மண்டபம், பாம்பன், தொண்டிப் பக்கம் தண்ணீர் மேல் மரத்தூள் கொட்டியது போலப் பழுப்பாக ஒரு படலம் மிதப்பதைப் பார்க்கலாம். பெரும்பாலும் அது டிரைக்கோடெஸ்மியம் என்ற நீலப்பச்சைப் பாசி. பெயரில் பாசி என்றாலும் இதுவும் ஒரு பாக்டீரியா வகைதான். அந்தத் தூளின் ஒவ்வொரு துணுக்கும் பல பத்து இழைகள் சேர்ந்த ஒரு திரள். திரளின் மேலும் இடுக்கிலும் வேறு பாக்டீரியாக்கள் ஒட்டி வாழ்கின்றன. அவற்றைப் பிரித்தெடுத்து அடையாளம் காண்பதற்கான வழிகாட்டி இது. முதுகலை, ஆராய்ச்சி மாணவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

புதிதாக வருகிறவர்களின் கவனமெல்லாம் மரபணு வரிசையாக்கத்தின் மேல்தான் இருக்கிறது. ஆனால் பாசியை அள்ளிய முதல் இரண்டு மணி நேரத்தில் படகிலும் கரையிலும் நடப்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. அங்கே கெட்டுப்போன மாதிரியை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. அதனால் ஆய்வக வேலையைவிடக் கடற்கரை வேலைக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. கேள்வியை எழுதிவிட்டுப் படகேறுங்கள்

"பாசியோடு என்ன பாக்டீரியா இருக்கிறது?" என்பது போதாது. அந்தக் கேள்விக்குள் மூன்று தனிக் கூட்டங்கள் இருக்கின்றன: திரளில் ஒட்டியிருப்பவை, பாசிக்கு நடுவே தண்ணீரில் தனியாக மிதப்பவை, பாசியே இல்லாத பக்கத்துத் தண்ணீரில் இருப்பவை. மூன்றையும் ஒரே குப்பியில் அள்ளினால் வருவது சராசரி. அதில் பாசிக்கும் பாக்டீரியாவுக்கும் உள்ள உறவு தெரியாது.

அந்த உறவுதான் இந்த வேலையின் சாரம். டிரைக்கோடெஸ்மியம் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பகல் வெளிச்சத்திலேயே நிலைப்படுத்துகிறது. அதில் ஒரு பகுதியை அமோனியமாகவும் கரைந்த கரிமப் பொருளாகவும் வெளியே விடுகிறது. ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்களுக்கு அது சாப்பாடு. பதிலுக்கு அவற்றில் சில, இரும்பைப் பிடிக்கும் மூலக்கூறுகளைச் சுரக்கின்றன. கரிமப் பொருளில் கட்டுண்ட பாஸ்பேட்டை விடுவிக்கும் நொதிகளையும் தருகின்றன. பாக்டீரியாக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் வேதிச் சமிக்ஞையைத் திரள்களுக்குக் கொடுத்தபோது பாஸ்பேட் நொதியின் வேகம் கூடியதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. உலகமெங்கும் ஆய்வகங்களில் வளர்க்கப்படும் ஐஎம்எஸ்101 என்ற டிரைக்கோடெஸ்மிய வளர்ப்பிலும் இப்படிப்பட்ட துணைப் பாக்டீரியாக்கள் கூடவேதான் வாழ்கின்றன.

ஆகவே மூன்று கூட்டத்துக்கும் தனித்தனிக் குப்பி, தனித்தனி எண். இதை நோட்டில் எழுதிய பிறகே மற்ற ஏற்பாடு.

2. பருவமும் அனுமதியும்

இந்தக் கரையில் இரண்டு கடல் உண்டு. மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் வடகடல் கலங்கும். தென்மேற்குக் காற்று பிடித்தால் தென்கடல் கொந்தளிக்கும். இரண்டும் அமைதியாக இருக்கும் இடைவெளி பிப்ரவரி கடைசியிலிருந்து மே வரை. தண்ணீர் சூடேறி, கலக்கம் குறைந்து, பாசி மேலே மிதந்து சேர்வதற்கு ஏற்ற காலமும் அதுதான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆகவே விசைப்படகை நம்பித் திட்டம் போடாதீர்கள். நாட்டுப்படகோ வத்தையோ ஏற்பாடு செய்யுங்கள். இந்த வேலைக்கு அதுவே நல்லது. உயரம் குறைவு என்பதால் தண்ணீரைக் கைக்கெட்டும் தூரத்தில் அள்ளலாம்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. குருசடைத் தீவு, முயல் தீவு, மனோலித் தீவு என எதன் அருகில் மாதிரி எடுப்பதானாலும் வனத்துறை அனுமதி வேண்டும். இதற்கு நாளாகும். பாசியோ சில நாளில் மறைந்துவிடும். பாசியைப் பார்த்த பிறகு விண்ணப்பிக்கிறவர்களுக்கு அந்தப் பருவம் போச்சு. டிசம்பரிலேயே எழுத்து வேலையை முடித்துவிடுங்கள்.

3. முந்தின நாளே தயாராக வேண்டியவை

குப்பிகளை அமிலத்தில் ஊறவைத்து, நன்கு அலசி, ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில்) கிருமிநீக்கி, மூடிய பையில் வையுங்கள். கைப்பம்பு, வடிதாள் தாங்கி, 10, 3, 0.2 மைக்ரான் வடிதாள்கள், கிருமிநீக்கிய இடுக்கி, அகல வாய்ப் பைப்பெட், உப்புத்தன்மை காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர், வெப்பமானி, கையுறை, ஐஸ் பெட்டி ஆகியவை வேண்டும். சாதாரணப் பைப்பெட்டின் முனையைக் கத்தரித்து, பிறகு கிருமிநீக்கினாலும் போதும். குறுகிய முனை திரளைப் பிய்த்துவிடும். அதற்காகத்தான் அகல வாய்.

நிறையப் பேர் மறப்பது கழுவும் தண்ணீர். பாசி இருக்கும் இடத்தின் கடல்நீரையே 0.2 மைக்ரானில் வடித்துப் பயன்படுத்த வேண்டும். உப்புத்தன்மை மாறினால் செல்கள் வெடித்து உள்ளிருப்பது வெளியே கொட்டும். முதல் வடிதலுக்கு அங்கேயே நேரம் ஆகும் என்பதால், அதே பகுதியின் நீரை முந்தின நாளே ஒரு லிட்டர் வடித்துக் கொண்டுபோங்கள். படகில் உப்புத்தன்மையை அளந்து, ஒன்றிரண்டு அலகுக்குள் பொருந்தினால் பயன்படுத்துங்கள். பொருந்தாவிட்டால் அங்கேயே புதிதாக வடியுங்கள்.

4. இது எந்தப் பெருக்கம் என்று முதலில் பாருங்கள்

கடல் நிறம் மாறியதெல்லாம் டிரைக்கோடெஸ்மியம் ஆகாது. 2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் பக்கம் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியதற்குக் காரணம் நாக்டிலூகா. மீனவர்கள் பூங்கோரை என்று சொல்வது இதைத்தான். அது பாக்டீரியா வகையே இல்லை. ஒரே செல்லாலான, சிறு பலூன் வடிவ உயிரி. அதை அள்ளிவந்து நீலப்பச்சைப் பாசி என்று எழுதினால் அதற்குப் பிறகு செய்யும் எல்லாமே வீண்.

கரையில் ஒரு சிறு நுண்ணோக்கி போதும். ஒரு சொட்டு எடுத்து, மூடுதகட்டை அழுத்தாமல் வைத்துப் பாருங்கள். டிரைக்கோடெஸ்மியமானால் நேரான இழைகள் வைக்கோல் கற்றை போல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும்; அல்லது நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் விரியும். நாக்டிலூகாவானால் கண்ணாடி உருண்டைகள், இழையே இருக்காது. இரண்டும் கலந்தும் வரலாம்.

படகுக்காரரிடம் கேளுங்கள். "அண்ணே, இது எப்ப ஏறுச்சு? ராத்திரி வலையில ஒளிருதா?" ஒளிர்ந்தால் நாக்டிலூகா இருக்க வாய்ப்பு அதிகம். எத்தனை நாளாகக் கிடக்கிறது என்பதை அவரைவிடச் சரியாகச் சொல்ல ஆள் கிடையாது.

பாசியின் வயதையும் பதிவு செய்யுங்கள். புதிதாக இருந்தால் பழுப்பும் பொன்னுமாகத் திரள்கள் முழுசாக இருக்கும், தண்ணீர் தெளிவாக இருக்கும். அழியத் தொடங்கினால் நிறமிகள் கசிந்து தண்ணீர் இளஞ்சிவப்பாகும், திரள் வெளுக்கும், நுரையும் நாற்றமும் கிளம்பும். உயிருள்ள பாசியோடு வாழும் கூட்டமும் செத்த பாசியைத் தின்னும் கூட்டமும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே மாதிரி என்று கலந்தால் எந்த ஒப்பீடும் நிற்காது.

5. தண்ணீர் எடுக்கும் வரிசை

பாசியில்லாத இடம் முதலில், ஓரம் அடுத்து, நடு கடைசியில். பாசிக்குள் தோய்ந்த வாளியில் எவ்வளவு அலசினாலும் இழை ஒட்டியிருக்கும். வரிசையைத் தலைகீழாக்கினால் ஒப்பீட்டு மாதிரியிலேயே பாசி நுழைந்துவிடும். கடலில் கண்ணில் பட்ட பாசியை உடனே அள்ளிவிட வேண்டும் என்று எல்லோருக்கும் கை பரபரக்கும். பொறுமையாக இருங்கள்.

எஞ்சினை அணைத்துவிட்டு, படகின் முன்பக்கம், காற்று வரும் திசையில் அள்ளுங்கள். டீசல் படலம் பின்பக்கம்தான் சேரும். எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாவும் கடலில் உண்டு. அதைப் பாசியின் துணை என்று எழுதும் ஆபத்து உண்மையானது.

மிதக்கும் நுண்ணுயிர்களைப் பிடிக்கும் பிளாங்க்டன் வலையை இழுத்தால் நிறையக் கிடைக்கும். ஆனால் திரள்கள் ஒன்றோடொன்று உரசி உடையும், வலையில் சிக்கும் மற்ற உயிரிகளும் ஒட்டிக்கொள்ளும். வாளியால் மேற்பரப்பை மெல்ல அள்ளுவதையே நான் விரும்புகிறேன். பாசி மிகக் குறைவாக இருக்கும் நாளில் மட்டும் 100 மைக்ரான் வலையை மெதுவாக, சில நிமிடம் இழுங்கள்.

ஒவ்வோர் இடத்திலும் மூன்று தனி வாளி. ஒரே வாளியிலிருந்து மூன்று குப்பி எடுத்து "மூன்று மாதிரி" என்று எழுதுவது அடிக்கடி நடக்கிறது. அது ஒரே மாதிரியை மூன்று முறை அளந்ததுதான். கடலில் இடத்துக்கு இடம் உள்ள வேறுபாடு அதில் வராது.

கரைந்த ஆக்சிஜனை அளப்பதற்கான குப்பியில், அதை மாறாமல் பிடித்துவைக்கும் வின்க்ளர் கரைசலைப் படகிலேயே விட்டுவிடுங்கள். நேரம், இடக்குறி, வெப்பம், உப்புத்தன்மை, காற்று, நிறம் எல்லாவற்றையும் அங்கேயே பென்சிலால் எழுதுங்கள். நைட்ரஜன் நிலைப்படுத்தல் பகலில் ஏறி இரவில் நின்றுவிடும் என்பதால், வெவ்வேறு நாட்களின் மாதிரிகளை ஒப்பிடப் போகிறீர்களானால் எல்லா நாளும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும்.

6. திரள்களைக் கழுவுதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

அள்ளிய தண்ணீரை மூடிய குப்பியில் பல்கலைக்கழகம் வரை எடுத்துப் போகாதீர்கள். அடைபட்ட கடல்நீரில் சில மணி நேரத்திலேயே பாக்டீரியாக் கூட்டம் மாறத் தொடங்கும். வேகமாகப் பெருகும் இனங்கள் மற்றவற்றை அமுக்கிவிடும். அப்படிக் குப்பியில் பெருகுவதற்குப் பெயர்போனவை ஆல்டெரோமோனாஸும் விப்ரியோவும். இதில் பெரிய சிக்கல் என்னவென்றால், டிரைக்கோடெஸ்மியத்தின் உண்மையான துணைகளாகப் பல கடல்களில் பதிவானவற்றிலும் ஆல்டெரோமோனாஸ் உண்டு. உங்கள் முடிவில் அது நிறைய வந்தால், கடலில் இருந்ததா, கார் டிக்கியில் பெருகியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே படகிலோ, கரையேறிய உடனோ கழுவ வேண்டும். அள்ளியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முடிப்பது நல்லது. திரள்களும் அதற்கு மேல் தாங்காது. வாளியில் நெருக்கிக் கிடந்தால் அவிழ்ந்து இழையாகிவிடும்.

மூன்று பெட்ரி தட்டுகளில் வடித்த கடல்நீர் ஊற்றுங்கள். அகல வாய்ப் பைப்பெட்டால் ஒரு திரளை எடுத்து முதல் தட்டில் விடுங்கள். தட்டை மெல்லச் சுழற்றுங்கள். உறிஞ்சி உறிஞ்சித் துப்பாதீர்கள். ஒரு நிமிடம் கழித்துத் திரளை மட்டும், கூட வரும் நீர் முடிந்தவரை குறைவாக இருக்கும்படி, இரண்டாம் தட்டுக்கு மாற்றுங்கள். அதே போல மூன்றாவதற்கு. நல்ல திரள் இப்போதும் மிதக்கும், ஓரம் கூர்மையாகத் தெரியும். தட்டு நீர் நிறம் மாறினாலோ திரள் அடியில் தங்கினாலோ அதை விட்டுவிடுங்கள்.

வெண்மையான தட்டுக்குப் பதில் அடியில் கறுப்புத் துணி விரித்தால் திரளில் ஒட்டிய கோபிபாட் என்ற நுண்ணிய ஓட்டுடலிகளும் தெரியும். அவற்றை இடுக்கியால் நீக்குங்கள். அவற்றின் குடலிலுள்ள பாக்டீரியா நம் கணக்கில் சேரக் கூடாது.

ஒரு குழாய்க்கு 20 முதல் 50 திரள்கள் வரை சேர்க்கலாம். எண்ணி எழுதுங்கள். மூன்றாம் தட்டின் நீரைக் கொட்டாதீர்கள், அதையும் 0.2 மைக்ரானில் வடித்துத் தனி மாதிரியாக வையுங்கள். கழுவிய பிறகும் எவ்வளவு தளர்வான பாக்டீரியா மிஞ்சியது என்று சொல்லும் சாட்சி அது ஒன்றுதான்.

7. தண்ணீரை வடித்தல்

திரள் நீங்கிய நீரை 10 மைக்ரான், பிறகு 3, பிறகு 0.2 என்று இறக்குங்கள். 3 மைக்ரானில் தங்குவது துகளில் ஒட்டியவை; 0.2இல் தங்குவது தனியாக மிதப்பவை.

பம்பை வேகமாக அடிக்காதீர்கள். 200 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்கு மேல் போனால் இழைகள் உடைந்து ஒட்டியிருந்தவை அடுத்த வடிதாளுக்கு இறங்கிவிடும். பாசி நிறைந்த நீரில் வடிதாள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அப்போது அழுத்தத்தைக் கூட்டாமல் வடிதாளை மாற்றுங்கள். எவ்வளவு மில்லிலிட்டர் இறங்கியது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள்.

ஒரு வடிதாளில் பாசி நீருக்குப் பதில் வடித்த நீரை ஊற்றி வெற்று மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். கையிலிருந்தும் கருவியிலிருந்தும் வந்தது எது என்று பின்னால் இதுதான் காட்டும்.

8. பாதுகாத்தல்

திரவ நைட்ரஜன் கடற்கரையில் கிடைக்காது. வடிதாளை உடனே ஆர்என்ஏலேட்டர் போன்ற பாதுகாப்புக் கரைசலில் முழுக்குவதே நடைமுறை. அதன் குறிப்பில் 25 டிகிரியில் ஒரு வாரம் தாங்கும் என்றிருக்கும். ஏப்ரல் மாதத்து இராமநாதபுரத்தில் எந்த அறையும் 25 டிகிரியில் இருக்காது. 37 டிகிரியில் ஒரே நாள்தான். ஆகவே கரைசலில் போட்டாலும் ஐஸ் பெட்டி வேண்டும்.

ஐஸ் மீன் கம்பெனியில் எளிதாகக் கிடைக்கும். ஆனால் உருகும் ஐஸ் நீர் முழுக்க பாக்டீரியா. குழாய்களை இரண்டு ஜிப் பைக்குள் போட்டு, பெட்டிக்குள் ஒரு தட்டின் மேல், உருகிய நீர் எட்டாத உயரத்தில் வையுங்கள். மார்க்கர் எழுத்து ஈரத்தில் அழியும். பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்றை உள் பைக்குள்ளும் போடுங்கள்.

உயிரோடு வளர்க்க வேண்டிய திரள்களை மட்டும் ஐஸில் வைக்கக் கூடாது. இது வெப்பக் கடலின் பாசி. குளிர் அதைக் கொன்றுவிடும். நிழலில், கடல்நீரின் சூட்டிலேயே எடுத்துப் போங்கள்.

9. தட்டில் வளர்த்தல்

கழுவிய திரளை வடித்த கடல்நீரில், ட்வீன் 80 என்ற சோப்புப் போன்ற பொருளை ஒரு துளி சேர்த்து, சுழற்கலக்கியில் ஒரு நிமிடம் கலக்கிப் பாக்டீரியாவைப் பிரியுங்கள். பத்து மடங்காக நீர்த்துக்கொண்டே போய், ஒவ்வொன்றிலும் 0.1 மில்லிலிட்டர் ஸோபெல் கடல் அகார் என்ற வளர்ப்புக் கூழில் பரப்புங்கள். 28 டிகிரியில் வையுங்கள். 48 மணி நேரத்தில் தட்டை எறிந்துவிடாதீர்கள். ஏழு நாள் வரை மெதுவாக வளர்பவை வந்துகொண்டே இருக்கும்.

தட்டில் முளைப்பது கடல் பாக்டீரியாவில் நூற்றில் ஒன்று கூட இருக்காது. எனவே தட்டு எண்ணிக்கையை மொத்த எண்ணிக்கையாக எழுதாதீர்கள். மொத்தத்துக்கு ஒளிர்சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். அந்த நுண்ணோக்கியின் ஒளி பட்டால் பாசியின் நிறமிகள் தானாகவே ஒளிரும் என்பதால் சாயம் ஏற்றாத ஒரு தகட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

விப்ரியோவைத் தேடி வளர்க்க டிசிபிஎஸ் என்ற தனி அகார். மஞ்சள் புள்ளி சுக்ரோஸைப் புளிக்கவைப்பவை, பச்சை அப்படிச் செய்யாதவை. நிறத்தை வைத்து இனப் பெயர் எழுதாதீர்கள். கையில் காயம் இருந்தால் இந்த வேலையை அன்று வேறொருவரிடம் கொடுங்கள். வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ வல்னிஃபிகஸ் காயத்தின் வழியே உயிருக்கே ஆபத்தான தொற்றை உண்டாக்கும்.

10. டிஎன்ஏ பிரித்தலும் வரிசையாக்கமும்

திரளைச் சுற்றிப் பசை போன்ற சர்க்கரைப் பொருள் உண்டு. அது டிஎன்ஏவோடு சேர்ந்து வந்து, டிஎன்ஏவைப் பல படிகளாகப் பெருக்கும் பிசிஆரைத் தடுக்கும். மணிகளால் குலுக்கி உடைப்பது, உறைய வைத்து உருக்குவது, சிடிஏபி என்ற வேதிப்பொருள் சேர்த்துச் சுத்தம் செய்வது மூன்றும் உதவும். பிசிஆர் வராவிட்டால் டிஎன்ஏவைக் கூட்டாதீர்கள். பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள். தடுப்பது பசையானால் நீர்த்ததும் வேலை செய்யும்.

பாக்டீரியாக்களை அடையாளம் காண உதவும் 16எஸ் மரபணுவின் வி4 அல்லது வி3–வி4 பகுதியை எடுப்பது வழக்கம். இரண்டில் எதை எடுத்தாலும் கடைசி மாதிரி வரை மாற்றாதீர்கள். வெற்று மாதிரியையும் கழுவிய நீரையும் சேர்த்தே அனுப்புங்கள். செலவு மிச்சம் என்று அவற்றை விட்டுவிடச் சொல்பவர்கள் இருப்பார்கள், கேட்காதீர்கள்.

வரிசைகள் வந்ததும் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. டயாட்டம் போன்ற பாசிகளின் பசுங்கணிகத்திலும் 16எஸ் இருக்கிறது. வரிசைகளுக்குப் பெயர் தரப் பயன்படும் சில்வா தரவுத்தளம் அதையும் நீலப்பச்சைப் பாசித் தொகுதிக்குள்ளேயே வைத்திருக்கும். பசுங்கணிகத்தை நீக்குவதாக நினைத்து அந்தத் தொகுதியையே நீக்கினால் டிரைக்கோடெஸ்மியமும் போய்விடும். எதையும் நீக்காமல் விட்டால் டயாட்டமெல்லாம் நீலப்பச்சைப் பாசியாகக் கணக்கில் ஏறும். வகைப்பாட்டில் 'ஆர்டர்' (order) என்ற இடத்தில் 'Chloroplast' (பசுங்கணிகம்) என்றிருப்பதை மட்டும் நீக்குங்கள், மைட்டோகாண்ட்ரியாவையும் நீக்குங்கள். நீக்கியவற்றின் விகிதத்தை எழுதி வையுங்கள்.

11. முடிவைப் படித்தல்

திரள் மாதிரியில் பெரும்பகுதி டிரைக்கோடெஸ்மியத்தின் வரிசையாகவே இருக்கும். அதன் ஒரு செல்லுக்குள் மரபணுத் தொகுதியின் பல படிகள் உண்டு. நூறைத் தாண்டலாம் என்று பதிவுகள் சொல்கின்றன. ஆகவே "90 சதவீதம் பாசி" என்று வந்தால் செல் எண்ணிக்கையில் அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. பாசியை ஒதுக்கிவிட்டு, மீதமுள்ள பாக்டீரியாக்களுக்குள் விகிதம் பாருங்கள். மொத்த அளவு தெரிய வேண்டுமானால் நுண்ணோக்கி எண்ணிக்கையோடு சேர்த்துப் படியுங்கள்.

ஆல்டெரோமோனாஸ், ரோடோபாக்டர் குடும்பம், பாக்டீராய்டீட்ஸ் தொகுதியினர், விப்ரியோ ஆகியவை திரளில் கிடைப்பது எதிர்பார்க்கக் கூடியதே. ஒன்று திரளில் மிகுந்து, கழுவிய நீரிலும் பாசியில்லாத நீரிலும் குறைந்திருந்தால்தான் அதைத் துணை என்று சொல்லத் துணியலாம். அப்போதும் அது பாசிக்கு உதவுகிறதா, சும்மா தின்கிறதா என்பதை 16எஸ் சொல்லாது. நைட்ரஜனுக்கு, அதை நிலைப்படுத்தும் நொதிக்கான நிஃப்எச் மரபணு, பாஸ்பேட்டுக்கு நொதி அளவீடு என்று தனிச் சோதனை வேண்டும்.

மீன் செத்து ஒதுங்கும் நாட்களில் செய்தியாளர்கள் கேட்பார்கள். விப்ரியோ கிடைத்தது என்பதால் விப்ரியோதான் மீனைக் கொன்றது என்று சொல்லிவிடாதீர்கள். பாசி அழுகும்போது பாக்டீரியாக்கள் ஆக்சிஜனை உறிஞ்சுகின்றன. இரவில் ஒளிச்சேர்க்கையும் நின்றுவிடுவதால் விடியலுக்கு முன் ஆக்சிஜன் மிகக் கீழே போகலாம். அமோனியா ஏறும், செவுளும் அடைபடும். எது காரணம் என்று சொல்ல, விடியற்காலை ஆக்சிஜன் அளவும் அமோனியா அளவும் கையில் இருக்க வேண்டும். அதற்காக, பாசி இளஞ்சிவப்பாக மாறத் தொடங்கிய அன்றே படகுக்காரரிடம் சொல்லி, மறுநாள் காலை நாலரை மணிக்குப் படகை ஏற்பாடு செய்துவிடுங்கள்.